நெஞ்சுக்குப் பார்பெல்லா, மெசினா? கடைசி ரெப்பைப் பார்த்து முடிவெடுங்கள்

ஜிம்முக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கிழமைக்குள் இந்தக் கேள்வியோடு வந்து நிற்பார்கள். "அண்ணா, மெசினில செய்தா நெஞ்சு வராதாமே? பார்பெல்தான் சரியாம்." யார் சொன்னது என்று கேட்டால், ஏதோ ஒரு வீடியோ. இன்னொரு பக்கம், தோள் நோவோடு வருகிற ஐம்பது வயதுக்காரர், "தம்பி, எனக்கு அந்தப் பார் மட்டும் வேண்டாம், பயமாக இருக்கு" என்பார். இரண்டு பேரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பத்தாவது ரெப் (ஒருமுறை இறக்கித் தள்ளுவது ஒரு ரெப்) பாதியில் நின்றுவிட்டால், அந்தப் பாரத்தை எங்கே, எப்படி வைப்பீர்கள்?

அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் பெஞ்சில் படுத்து பார்பெல்லை, அதாவது இரண்டு முனையிலும் எடை போடுகிற நீளக் கம்பியை, தள்ளலாம். பதில் இல்லாதவர் இப்போதைக்கு மெசினில் தள்ளலாம், அல்லது கைக்கு ஒன்றாகப் பிடிக்கிற டம்பெல் எடுக்கலாம். மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நான் திருகோணமலை டச்பே பக்கம் ஒரு சிறிய ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறேன். கேபிள் மாற்றுவது, பெஞ்சின் நட்டு இறுக்குவது, கம்பிகளில் கறள் துடைப்பது எல்லாமும் என் வேலைதான். அதனால் கீழே உடம்பைப் பற்றிச் சொல்கிற அளவுக்கு இரும்பைப் பற்றியும் சொல்வேன். கடற்காற்று படுகிற ஊரில் ஒன்றை விட்டு மற்றதைப் பேச முடியாது.

முதலில் அந்த வீடியோக் கதை

மெசினில் செய்தால் நெஞ்சு வளராது என்பது பிழை. நெஞ்சின் பெரிய தசை, தோளின் முன்பக்கத் தசை, மேல்கையின் பின்பக்கத் தசை மூன்றும் சேர்ந்துதான் எதையும் முன்னால் தள்ளுகின்றன. பாரம் கம்பியில் இருந்தாலும் கேபிளில் இருந்தாலும் இந்த மூன்றுக்கும் வேலை உண்டு. 2011இல் நோர்வே ஆய்வாளர்கள் பார்பெல், டம்பெல், ஸ்மித் மெசின் (பார் தண்டவாளத்தில் ஓடுகிற மெசின்) மூன்றையும் ஒரே ஆட்களைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நெஞ்சுத் தசை மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை செய்தது. மாறியது தூக்க முடிந்த எடைதான். டம்பெல்லில் தூக்கியது பார்பெல்லில் தூக்கியதை விட 17 வீதம் அளவில் குறைவு. 2023இல் வந்த ஒரு தொகுப்பாய்வும் தசை வளர்ச்சியில் மெசினுக்கும் சுதந்திரமான எடைகளுக்கும் இடையே வித்தியாசம் காணவில்லை. பலத்தில் மட்டும், எதில் பழகினார்களோ அதில் கூடுதலாக முன்னேறினார்கள். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009இல் வெளியிட்ட வழிகாட்டலும் புதியவர்களுக்கு இரண்டையும் பரிந்துரைக்கிறது.

ஆகவே நெஞ்சு வருமா வராதா என்ற கவலையை ஒரு பக்கம் வையுங்கள். கேட்க வேண்டியவை வேறு. இன்று யார் உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறார்? உங்கள் தோள் எப்படி இருக்கிறது? அந்த மெசின் எந்த நிலையில் இருக்கிறது?

பார்பெல்

பார்பெல்லின் பெரிய நன்மை, அது உங்கள் கைக்கும் தோளுக்கும் ஏற்ற பாதையில் போகும். பார் நேராக மேலும் கீழும் போவதில்லை. தோளுக்கு மேலிருந்து புறப்பட்டு, சாய்வாக நெஞ்சின் கீழ்ப்பகுதிக்கு இறங்கி, அதே சாய்வில் திரும்புகிறது. கை நீளமானவருக்கு ஒரு சாய்வு, கட்டையானவருக்கு வேறு சாய்வு. அதோடு பாரை ஆடாமல் பிடிக்கிற வேலையும் உங்களுடையது என்பதால் தோள்மூட்டைச் சுற்றியுள்ள சிறு தசைகளும் சேர்ந்து பழகுகின்றன. எடை கூட்டுவதும் சுலபம். 1.25 கிலோ பிளேட் (எடைத் தட்டு) இரண்டு இருந்தால் 2.5 கிலோ மட்டும் கூட்டலாம்.

படுக்கும் முன் பெஞ்சைப் பாருங்கள். நம்முடைய ஊர் ஜிம்களில் பல பெஞ்சுகள் உள்ளூரில் ஒட்டியவை. உறுதியானவைதான். ஆனால் பார் வைக்கிற கொக்கியின் உயரத்தை மாற்ற முடியாது. ஆறடி ஆளுக்கு அளவெடுத்து ஒட்டிய பெஞ்சில் ஐந்தடி ஆள் படுத்தால், பாரை எடுக்கும்போதே தோள் பெஞ்சை விட்டு எழும்பிவிடும். அந்த நிலையில் தோள்பட்டைகளை மறுபடி பின்னால் ஒடுக்க ஏலாது. முழு செட்டும், அதாவது இடைவிடாமல் செய்கிற ரெப் அத்தனையும், தோளின் முன்பக்கத்தில் விழும். கொக்கியில் இருக்கிற பாரைப் பிடித்தபடி படுத்துப் பாருங்கள். முழங்கை கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். கை முழுதாக நீண்டால்தான் பார் எட்டுகிறது என்றால், எடுக்கிறதற்கும் வைக்கிறதற்கும் ஒருவரைக் கூப்பிடுங்கள், அல்லது அந்தப் பெஞ்சை விடுங்கள்.

படுக்கிற முறை: கண் பாருக்கு நேர் கீழே. இரண்டு பாதமும் தரையில் அழுந்த வேண்டும். கால் எட்டாவிட்டால் ஒரு தடித்த பிளேட்டைக் காலுக்குக் கீழே வையுங்கள். தோள்பட்டைகளைப் பின்னால் ஒடுக்கிக் கொஞ்சம் கீழே இழுங்கள். பெருவிரல் பாரைச் சுற்றி இறுக வேண்டும். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடி மாதங்களில் உள்ளங்கை எப்படி வியர்க்கும் என்று இங்கே இருக்கிறவருக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பிடியில் பார் வழுக்கினால் அது விழுவது நெஞ்சில், இல்லாவிட்டால் கழுத்தில். என் முன்னால் யாரையும் அப்படிப் பிடிக்க விடமாட்டேன். இறக்கும்போது முழங்கை உடம்புக்குச் செங்குத்தாக விரியக் கூடாது, உடம்போடு ஒட்டவும் கூடாது. நடுவில் ஒரு கோணம். கீழே வந்து நிற்கும்போது முன்கை நிமிர்ந்து நின்றால் பிடியின் அகலம் சரி.

இனி அந்தக் கடைசி ரெப். நெஞ்சின் உயரத்துக்குச் சற்றுக் கீழே இரண்டு பக்கமும் தாங்கு கம்பி போடக்கூடிய ரக் (பார் வைக்கிற இரும்புச் சட்டகம்) இருந்தால், யாரும் இல்லாமலேயே படுக்கலாம். நம்முடைய ஜிம்களில் அது அபூர்வம். மற்ற இடங்களில் சப்போர்ட் பிடிக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குத் தொடங்கும் முன் விஷயம் தெரிய வேண்டும். "எட்டு செய்யப் போகிறேன். 'எடு' என்று சொன்னால் மட்டும் தொடு. தொட்டால் விடாதே, கொக்கியில் வைக்கும்வரை பிடி." இவ்வளவும் போதும். முதல் ரெப்பிலிருந்தே பாரில் கை வைத்துத் தூக்கிக்கொடுக்கிற நண்பரால் உங்கள் உண்மையான பலம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாமலே போகும். போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நண்பர் அதைவிட மோசம்.

ஆளும் இல்லை, தாங்கு கம்பியும் இல்லை என்றால் பார்பெல் வேண்டாம். பிளேட் கழராமல் பூட்டுகிற கிளிப்பைப் போடாமல் படுத்து, சிக்கினால் ஒரு பக்கம் சரித்து பிளேட்டை விழுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு பக்கப் பிளேட் விழுந்ததும் மற்றப் பக்கம் வீசி அடிக்கும். பக்கத்தில் நிற்கிறவரின் காலுக்கும் உங்கள் மணிக்கட்டுக்கும் அது ஆபத்து.

வீட்டில் குழாய்க் கம்பியின் இரண்டு முனையிலும் பால்மா ரின் வைத்து சீமெந்து ஊற்றி பார்பெல் செய்கிறவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். அதைக் கொண்டு தோளுக்கு, முதுகுக்கு என்னவும் செய்யுங்கள். நெஞ்சுக்கு மேலே மட்டும் வேண்டாம். இரண்டு ரின்னும் ஒரே எடையாக இருப்பதில்லை, சீமெந்து ஒருநாள் சொல்லாமல் கழரும். வீட்டில் நெஞ்சுக்குத் தண்டால் இருக்கிறது. ஒழுங்காகத் தண்டால் எடுக்கும்போது உங்கள் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தள்ளுகிறீர்கள். 60 கிலோ ஆளுக்கு அது கிட்டத்தட்ட 40 கிலோ.

டம்பெல்

தனியாகப் பயிற்சி செய்கிறவருக்கும் தோளில் சிறு குறை உள்ளவருக்கும் டம்பெல் நல்ல வழி. இரண்டு கையும் தனித்தனி என்பதால் பிடியை உங்கள் தோளுக்கு இதமான பக்கம் திருப்பிக்கொள்ளலாம். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பாதி பார்த்தபடி தள்ளினால் முன்தோளில் நோ குறைகிறவர்கள் நிறைய. ஏலாமல் போனாலும் நெஞ்சில் சிக்காது.

ஆனால் எடுக்கிற விதமும் வைக்கிற விதமும் தெரிய வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டையும் தொடையின் முட்டிப் பக்கத்தில் நிமிர்த்தி வையுங்கள். படுக்கும்போது முழங்காலால் ஒவ்வொன்றாகத் தோளுக்கு உந்திவிடுங்கள். முடிந்ததும் முழங்காலை மடித்து மேலே கொண்டுவந்து, டம்பெல்லைத் தொடையில் வைத்து, அந்தப் பாரத்தோடேயே எழும்பி உட்காருங்கள். படுத்தபடியே கையை விரித்துப் பக்கவாட்டில் விடுவதால்தான் தோள் இழுபடுகிறது.

ஒரு குறை உண்டு. அடுத்த சோடி பெரும்பாலும் கைக்கு 2.5 கிலோ கூட, அதாவது ஒரேயடியாக 5 கிலோ. அதனால் எடை கூட்டுவதற்கு முன் ரெப்பைக் கூட்டுங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு வந்த பிறகு அடுத்த சோடிக்குப் போங்கள்.

மெசின்

உட்கார்ந்து தள்ளுகிற மெசினில் கதிரையின் உயரம்தான் எல்லாம். கைப்பிடி நெஞ்சின் நடுவுக்கோ அதற்குச் சற்றுக் கீழோ வர வேண்டும். கழுத்து உயரத்தில் கைப்பிடி இருந்தால் கதிரை மிகவும் கீழே இருக்கிறது. பாதிப் பேர் தங்களுக்கு முன் இருந்தவரின் அளவிலேயே உட்கார்ந்து தள்ளிவிட்டு, "தோள் நோகுது, மெசின் சரியில்லை" என்பார்கள். கதிரையை இரண்டு ஓட்டை உயர்த்தினால் நோ போய்விடும்.

அடுத்தது தொடங்கும் இடம். கைப்பிடி நெஞ்சுக்கு அதிகம் பின்னால் இருந்தால் முதல் ரெப்பே தோளை முறுக்கும். சில மெசினில் காலால் மிதித்துக் கைப்பிடியை முன்னே கொண்டுவர ஒரு மிதி இருக்கும். அது இருந்தால் ஒவ்வொரு செட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் பாவியுங்கள். இல்லாவிட்டால், முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டையான குஷன் வைத்தால் உடம்பு முன்னே வந்து அதே பலன் கிடைக்கும். இந்த மெசின்கள் பெரிய உடம்புக்கு அளவெடுத்துச் செய்தவை. சிறிய உடல்வாகுள்ள பெண்களுக்குக் குஷனும் காலுக்குக் கீழே ஒரு பலகையும் இல்லாமல் சரிவருவது குறைவு.

மெசினில் எழுதியிருக்கும் இலக்கத்தைப் பாரோடு ஒப்பிடாதீர்கள். கப்பியும் நெம்புகோலும் எடையை மாற்றிவிடுகின்றன. ஒரு கம்பனி மெசினில் 40 தள்ளுகிறவர் இன்னொன்றில் 30க்கே திணறலாம். அந்த இலக்கம் அதே மெசினில் போன கிழமையோடு ஒப்பிட மட்டும்.

கடைசி ரெப் விஷயத்தில் மெசினுக்கு ஈடில்லை. ஏலாவிட்டால் பின்னால் விடுகிறீர்கள், பிளேட்டுகள் தங்கள் இடத்தில் போய் இருக்கின்றன. அதனால்தான் முழு மூச்சாக, இனி ஒன்றும் ஏலாது என்கிற அளவுக்குச் செய்ய ஆசைப்படுகிறவரை நான் மெசினில்தான் இருத்துவேன்.

ஸ்மித் மெசின் இரண்டுக்கும் நடுவில். தண்டவாளத்தில் ஓடுகிற பார், மணிக்கட்டைத் திருப்பினால் கொக்கி மாட்டும். தனியாகச் செய்யலாம், ஆனால் கீழேயுள்ள தடுப்பை நெஞ்சு உயரத்துக்கு வைத்த பிறகு. பாதை நேர்கோடு என்பதால் பெஞ்சை வைக்கிற இடம் முக்கியம். வெறும் பாரை இறக்கிப் பாருங்கள், அது முலைக்காம்புக்குச் சற்றுக் கீழே தொட வேண்டும். கழுத்துப் பக்கம் இறங்கினால் பெஞ்சைத் தலைப் பக்கமாக இழுங்கள்.

கறளும் கேபிளும்

இதை இந்த ஊருக்கென்று எழுதுகிறேன். உட்துறைமுகப் பக்கமோ டச்பே பக்கமோ உப்புவெளியோ, கடலுக்குக் கிட்ட உள்ள ஜிம்மில் யன்னலைத் திறந்து வைத்தால் உப்பு உள்ளே வரும். மாரி காலத்தில் ஈரமும் சேரும். பிளேட்டுகள் ஓடுகிற இரண்டு பளபளப்பான கம்பிகளில்தான் அது முதலில் தெரியும்.

மெசினில் உட்கார முன் இதைச் செய்யுங்கள். எடையைத் தெரிவு செய்கிற பின்னை மேலே உள்ள முதல் பிளேட்டில் குத்தி, மெதுவாகத் தள்ளி, மெதுவாகத் திரும்ப விடுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. விக்கி விக்கி வந்தால், அல்லது பாதியில் நின்றே விட்டால், கம்பியில் கறள் இருக்கிறது அல்லது எண்ணெய் காய்ந்துவிட்டது. அது சத்தத்தோடு போகிற விஷயமில்லை. உராய்வு எப்போதும் அசைவுக்கு எதிராக இழுக்கும். தள்ளும்போது பாரம் கூடும், திரும்பும்போது குறையும். திரும்ப விடும்போது பாரத்தைத் தாங்குவதில்தான் தசைக்கு நல்ல பாதி வேலை இருக்கிறது. அந்தப் பாதியைக் கம்பி தின்றுவிடும். துணியால் துடைத்து சிலிக்கன் எண்ணெய் விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசியை இழுத்து, கொஞ்ச நாளில் பசை போலாகிவிடும்.

அப்புறம் கேபிள். கப்பியில் வளைகிற இடத்தையும் முனையில் பூட்டியிருக்கிற இடத்தையும் பாருங்கள். மேலுறை மஞ்சளாகி வெடித்திருந்தால் உள்ளே உப்புப் போய்விட்டது என்று அர்த்தம். வெறும் விரலால் தடவ வேண்டாம். ஒரு பழைய துவாயைச் சுற்றிப் பிடித்து இழுங்கள். துவாயின் நூல் எங்காவது சிக்கினால் உள்ளே கம்பி இழை அறுந்திருக்கிறது. அன்றைக்கு அந்த மெசின் வேண்டாம், பொறுப்பானவரிடம் சொல்லுங்கள். எடைப் பின் தொலைந்த இடத்தில் ஆணியோ போல்ட்டோ குத்தி வைத்திருந்தாலும் அப்படித்தான்.

பார்பெல்லுக்கும் பரிசோதனை உண்டு. தரையில் உருட்டுங்கள். தத்தித் தத்திப் போனால் வளைந்திருக்கிறது. பிளேட் போடுகிற முனை சுழல வேண்டும், கறளில் இறுகியிருந்தால் இறக்கும்போது மணிக்கட்டு முறுகும். உள்ளூரில் வார்த்த பிளேட்டுகளில் எழுதியிருக்கும் இலக்கத்தை அப்படியே நம்பாமல் ஒருமுறை தராசில் நிறுத்து, உண்மை எடையைப் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். இதுவரை சொன்ன சாமான்களில் உப்புக் காற்றை நன்றாகத் தாங்குவது ரப்பர் பூசிய டம்பெல்தான்.

யாருக்கு எதைக் கொடுக்கிறேன்

பதினெட்டு, இருபது வயதுப் பெடியன், தண்டால் பதினைந்து சுத்தமாக எடுப்பான், கூட ஒரு நண்பன் வருகிறான்: பார்பெல், வெறும் பாரோடு தொடக்கம். தரமான நீளப் பார் வெறுமனேயே 20 கிலோ என்பதை மறக்கக் கூடாது.

சீனக்குடாப் பக்கம் ஆலையில் இரவு வேலை முடித்து விடிய நேரே ஜிம்முக்கு வருகிறவருக்கு மெசின். தூக்கக் கலக்கத்தில் சமநிலை முதலில் போகும். நிலாவெளியிலிருந்து வருகிற, கரைவலை இழுத்துப் பழகிய ஒருவர் கைப்பிடி பலத்தில் என்னை வென்றுவிடுவார். முதுகும் அப்படித்தான். இழுத்துப் பழகிய உடம்பு, தள்ளிப் பழகவில்லை. அப்படிப்பட்டவர் பலசாலி என்ற எண்ணத்தில் முதல்நாளே பாரில் எடையை ஏற்றுவார், இரண்டு பக்கமும் ஆடும். டம்பெல்லில் தொடங்கச் சொல்வேன்.

பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் வருகிற அக்காமாருக்கு சப்போர்ட் பிடிக்க ஆள் கிடைப்பது கஷ்டம், 15 கிலோ பார் இங்கே சுலபத்தில் காணக் கிடைக்காது. 4, 5 கிலோ டம்பெல்லும் மெசினும் அவர்களுக்குப் போதிய வழி. "பெண்ணென்றபடியால் மெசின்" என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆள் இருந்தால் அவர்களும் பாருக்குப் போகலாம், போயும் இருக்கிறார்கள்.

பிரஷருக்குக் குளிசை எடுக்கிற ஐயாமார் முதலில் டொக்டரிடம் கேட்டுவிட்டு வர வேண்டும். அதன் பிறகு மெசின், குறைந்த எடை, தள்ளும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கித் தள்ளினால் அந்த நேரத்தில் இரத்த அழுத்தம் கடுமையாக ஏறும். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அந்த செட் அங்கேயே முடிந்தது, ஆசுபத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

இரண்டையும் சேர்க்கிறவர்கள் சப்போர்ட் ஆள் நிற்கிற நேரத்தில், களைப்பு வரமுன் பார்பெல்லை முடியுங்கள். கடைசி இரண்டு ரெப் மிச்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள். பிறகு மெசினுக்குப் போய் ஆசை தீரத் தள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று செட், எட்டிலிருந்து பன்னிரண்டு ரெப், கிழமைக்கு இரண்டு நாள். தொடங்குகிறவருக்கு இது தாராளம்.

மெசினிலிருந்து பாருக்கு மாறும்போது

மெசினில் எவ்வளவு தள்ளினாலும் பாரில் வெறும் 20 கிலோவோடு தொடங்குங்கள். முதல் நாட்களில் பார் நடுங்கும். அது பலவீனம் இல்லை, பாதையைக் கை இன்னும் படிக்கவில்லை. பக்கவாட்டில் போனை வைத்து ஒரு செட்டைப் படம் பிடியுங்கள். ஒவ்வொரு ரெப்பிலும் பார் நெஞ்சின் ஒரே இடத்தைத் தொட்டு, ஒரே சாய்வில் திரும்புகிறதா என்று பாருங்கள். மூன்று செட்டிலும் பத்துப் பத்தாக அப்படி வந்தால், அடுத்த முறை பக்கத்துக்கு 1.25 கிலோ போடுங்கள். ஒரு செட்டில் பாதை கலைந்தால் அதே எடையில் இன்னொரு கிழமை இருங்கள். தோளின் முன்பக்கத்தில் கூரான நோ வந்தால் அன்றைக்குப் பாரை விட்டு, உள்ளங்கையைப் பாதி திருப்பி டம்பெல்லில் முடியுங்கள். இரண்டு கிழமை கழித்தும் அந்த நோ நின்றால் எடையைக் குறைத்துப் பார்ப்பதில் பயனில்லை, டொக்டரிடமோ இயன்மருத்துவரிடமோ காட்டுங்கள்.